கோப்புப்பெயர்ச்சி பலன்கள்: ஓர் ஆய்வு

சனி பெயர இரண்டரை ஆண்டு ஆகிறது. குருவுக்கு ஓராண்டு. ராகுவும் கேதுவும் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறார்கள். ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் பன்னிரண்டு ராசிக்கும் பலன், பரிகாரத் தலம், ஏற்ற வேண்டிய எள் தீபத்தின் எண்ணிக்கை எல்லாம் வழவழப்பான தாளில் அச்சாகி, வார இதழோடு இலவச இணைப்பாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆனால் ஓர் இரவுகூடத் தவறாமல் நடந்து, ஒரு தலைமுறையின் தூக்கத்தைத் தின்றிருக்கும் கோப்புப்பெயர்ச்சிக்கு இதுவரை ஒரு துண்டறிக்கைகூட வந்ததில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியில் குடியிருக்கும் ஒரு கோப்பு, அங்கிருந்து கிளம்பி வேறோர் இயந்திரத்தின் வீட்டுக்குள் பிரவேசிப்பதும், வெளியே இருக்கும் கோப்பு மெயின்ஃபிரேமுக்குள் வருவதும் கோப்புப்பெயர்ச்சி எனப்படும். ஆய்வின் எல்லை, 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 தொடங்கி இன்றைய இசட்/ஓஎஸ் இயங்குதளம் வரை. ஆய்வுக் களம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடி. ஆய்வு முறை, விழித்திருத்தல். தரவு திரட்டிய காலம் 17 ஆண்டுகள். நெறியாளர் இல்லை, இருந்தவரும் ஜாவாவுக்கு மாறிப் போய்விட்டார். முன்னாய்வுகள் என்று சொல்ல ஏராளமான கையேடுகள் உண்டு. அவற்றில் எல்லாப் பிழைக்கும் விளக்கம் இருக்கும், நமக்கு வந்த பிழையைத் தவிர.

ஆய்வின் முதற்சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. நாம் சொல்லும் பொருளில் மெயின்ஃபிரேமில் கோப்பே கிடையாது. விண்டோஸிலும் யூனிக்ஸிலும் கோப்பு என்பது கோணிச்சாக்கு. பைட்டுகளைக் கொட்டி வாயைக் கட்டிவிடலாம். மெயின்ஃபிரேமில் இருப்பது டேட்டாசெட். அது முட்டை அட்டை. ஒரு வரிசைக்கு எத்தனை குழி, ஓர் அடுக்குக்கு எத்தனை வரிசை என்று முட்டை வாங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ரெக்கார்டின் நீளம் 80 என்றால் 80தான். 81ஆவது எழுத்துக்குக் குழி இல்லை. 79 எழுத்தோடு வந்தால் மிச்சக் குழியில் ஓர் இடைவெளியை வைத்து நிரப்பிக்கொள்ளும்.

இந்த 80 எங்கிருந்து வந்தது? 1928இல் வந்த 80 பத்தித் துளை அட்டையிலிருந்து. அட்டை போய்விட்டது, துளைக்கும் இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, 80 மட்டும் போகவில்லை. மிக்ஸியில் சட்னி அரைக்கும் வீட்டிலும் கல்யாணத்தன்று அம்மி மிதிக்கிறோம் அல்லவா, அது போல. அதிலும் 73 முதல் 80 வரையிலான பத்திகள் வரிசை எண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அட்டைக்கட்டு கைநழுவிச் சிதறினால் எண்ணைப் பார்த்து மறுபடி அடுக்குவதற்காகச் செய்த ஏற்பாடு. இன்று எவர் கையிலிருந்தும் அட்டை விழுவதில்லை. ஆனால் கோபோல் நிரலை மடிக்கணினிக்கு இறக்கினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எட்டு இலக்கம், வாலில் கட்டிய தகர டப்பா மாதிரி, கூடவே வந்து நிற்கிறது.

டேட்டாசெட்டுக்குப் பெயர் வைப்பது தனி யாப்பு. மொத்தம் 44 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. புள்ளி வைத்துப் பிரித்த ஒவ்வொரு சீரும் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். சீரின் முதலெழுத்து எண்ணாக இருந்தால் தளை தட்டும். வெண்பாவுக்காவது கடைசிச் சீரில் கொஞ்சம் சலுகை உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் இனிஷியல். முழுப் பெயரையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், ஏதோ பிள்ளை தகப்பன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நம்முடைய யூசர் ஐடியை அதன் முன்னால் ஒட்டிவிடுகிறது இயங்குதளம். பிறகு அப்படி ஒரு டேட்டாசெட்டே இல்லை என்கிறது. உண்மைதான், இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் இந்த மேற்கோள் குறிக்காகத் தொலைக்கும் மணிகளை எவராவது கூட்டிப் பார்த்தால் நல்லது. நான் பார்க்கவில்லை; என் கணக்கே எனக்குக் கூச்சம்.

பெயர் வைத்தாயிற்று. அடுத்து இடம். நம் ஊர் சமையல் காண்டிராக்டரிடம் போனால் முதல் கேள்வி, "எத்தனை இலை?" மெயின்ஃபிரேமும் அதையேதான் கேட்கிறது. முதல் பந்திக்கு எவ்வளவு, அது பற்றாவிட்டால் அடுத்தடுத்த பந்திக்கு எவ்வளவு என்று கோப்பு வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அளவை டிராக்கிலோ சிலிண்டரிலோ சொல்லலாம். நம் ஆழாக்கும் மரக்காலும் மாதிரி. 3390 வகை வட்டில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர், அதாவது 8,49,960 பைட். இப்போது வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்கு ஒரு சிலிண்டர் பிடித்தாலும் பிடிக்கும். ஆனால் அனுப்புகிறவர் சிலிண்டரில் பேசமாட்டார். "கொஞ்சம் பெரிய ஃபைல்தான்" என்பார்.

சாதாரண டேட்டாசெட்டுக்கு ஒரு வட்டில் 16 துண்டு இடம்வரை பிடித்துக் கொடுப்பார்கள். பதினாறாம் பந்தியிலும் ஆள் நின்றால் பி37 என்ற பிழைக்குறியோடு வேலை விழும். இரண்டாம் பந்தி உண்டு என்று நாம் சொல்லவே மறந்திருந்தால் டி37. மண்டபமே நிரம்பிவிட்டது என்ற வகையைச் சேர்ந்தது ஈ37. மூன்றுக்கும் பொருள் ஒன்று, இலை பற்றவில்லை. பழி யார் மீது என்பதில்தான் வேறுபாடு. கோப்பு 98 விழுக்காடு வந்து சேர்ந்த பிறகே இது தெரியும் என்பதை 17 ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். இரண்டு இயந்திரங்கள் சேரும் இடத்தில் எழுத்துக்கு என்ன ஆகிறது? எந்தக் கணினிக் கையேட்டையும்விட இதற்கு நன்னூல்தான் தெளிவான விடை தருகிறது. சொல்லும் சொல்லும் புணரும்போது ஒன்று இயல்பாகப் புணரும், அல்லது விகாரப்படும். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நன்னூல் எழுதிய பவணந்தியார், கோப்பு அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியைப் பார்த்ததில்லை. ஆனால் எஃப்டிபியில் நடப்பது இந்த மூன்றைத் தவிர வேறெதுவுமில்லை.

இயல்பு புணர்ச்சிக்கு பைனரி என்று பெயர். இருந்த பைட் இருந்தபடி போகும். விகாரப் புணர்ச்சிக்கு டெக்ஸ்ட் அல்லது ஆஸ்கி என்று பெயர். போகும் வழியில் எழுத்துகள் பெயர்க்கப்படும். எதற்காகப் பெயர்க்க வேண்டும்? மெயின்ஃபிரேம் பேசுவது எப்சிடிக், மற்ற உலகம் பேசுவது ஆஸ்கி. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து ஆஸ்கியில் ஹெக்ஸ் 41, எப்சிடிக்கில் சி1. இடைவெளி ஆஸ்கியில் 20, எப்சிடிக்கில் 40. ஆஸ்கியில் இருபத்தாறு எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். எப்சிடிக்கில் ஒன்பதாம் எழுத்து சி9, பத்தாம் எழுத்து டி1. நடுவே ஏழு எண்கள் எழுத்தில்லாமல் கிடக்கின்றன. பதினெட்டாம் எழுத்துக்கும் பத்தொன்பதாம் எழுத்துக்கும் நடுவே இன்னும் எட்டு. இதுவும் துளை அட்டையின் வேலை. அட்டையில் துளைகள் விழும் வரிசைப்படி எழுத்துகள் மூன்று கூட்டமாகப் பிரிந்திருந்தன. கூட்டம் அப்படியே குடிபெயர்ந்து வந்துவிட்டது, இடைவெளியோடு. சிஸ்டம்/360இலேயே ஆஸ்கிக்கு மாறிக்கொள்ள ஒரு பிட் வைத்திருந்தார்கள். அதைச் சீண்டுவார் இல்லாமல் போய், 1970இல் வந்த சிஸ்டம்/370இல் எடுத்தேவிட்டார்கள். அந்த ஒரு பிட்டை யாராவது போட்டுவிட்டிருந்தால் இக்கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

சரி, எழுத்துக் கோப்பைத் தவறுதலாக பைனரியில் இறக்கினால் எப்படி இருக்கும்? நோட்பேடில் திறந்து பார்த்தேன். இடைவெளி இருந்த இடமெல்லாம் @@@@@@@@ என்று நத்தைகள் ஊர்ந்தன, ஏனென்றால் எப்சிடிக்கின் 40 ஆஸ்கியில் அந்தக் குறி. பெரிய எழுத்துகள் இருந்த இடத்தில் தலையில் கூரையும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். வரி என்று ஒன்றே இல்லை, கோப்பு முழுவதும் ஒரே நீளமான பாம்பு. பாமினியில் தட்டிய கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்து, 'அம்மா' இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் பார்த்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. இந்தப் பயிற்சியிலேயே நாம் வளர்ந்தவர்கள்.

இந்த வகைப் பிழை நல்ல பிழை. பார்த்த உடனே தெரியும், திருத்திவிடலாம். கெட்ட பிழை மறுபக்கத்தில் இருக்கிறது, அதாவது எண்ணை எழுத்தென்று நினைத்துப் பெயர்ப்பதில். கோபோலில் பணத்தொகையைப் பெரும்பாலும் பொதித்து வைப்பார்கள். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி. 12345 என்ற எண் 12, 34, 5சி என்று மூன்றே பைட்டில் அடங்கிவிடும். வட்டில் இடம் பொன்னாக விற்ற காலத்துச் சிக்கனம் இது. மூத்தோர் செய்த சிக்கனத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெயர்ப்பு அட்டவணைக்கு அது பணம் என்று தெரியாது. கடைசி 5சியைப் பார்த்து, "இது எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி ஆயிற்றே" என்று ஆஸ்கி நட்சத்திரமாக மாற்றிவிடும். திரிதல் விகாரத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி பெயர்த்தவர்களுக்கும் இதே பாடுதான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும், எகரம் ஏகாரம் வேறுபாடு தெரியாது. எழுதுகிறவர் தமக்குப் பட்டதைப் போட்டுக்கொண்டு போவார். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். அவருக்கு ஒரு வசதி இருந்தது. எந்த ஏடும் அவரிடம் "நான் வெற்றிகரமாகப் பெயர்க்கப்பட்டேன்" என்று சான்றிதழ் நீட்டவில்லை.

கள ஆய்வில் கிடைத்த ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். நேரம் இரவு 2.45. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5.15. அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனம். வழக்கமாகத் தானாக வரும் கோப்பு அன்று வரவில்லை. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதைத் தம்முடைய கணினியில் இறக்கி, அங்கிருந்து எங்கள் மெயின்ஃபிரேமுக்குக் கையால் ஏற்றினார். "வெற்றிகரமாக ஏறிவிட்டது, எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஐந்து நிமிடத்தில் எங்கள் ஜாப் எஸ்0சி7 என்று விழுந்தது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'சாக் செவன்' என்று பெயர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று பொருள். டீமின் மூத்தவரை எழுப்பினேன்.

"என்னப்பா, எங்க விழுந்துச்சு?"

"பிரீமியம் கூட்டுற எடத்துல சார். ஆனா ஆயிரக்கணக்குல ரெக்கார்டு ஒழுங்கா ஓடிருக்கு. நடுவுல ஒண்ணுல விழுது."

"ஃபைல் எப்படி வந்துச்சு?"

"கையால ஏத்திருக்காங்க சார்."

"டெக்ஸ்ட்லயா பைனரிலயா?"

"கேக்கல சார்."

சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அந்த ரெக்கார்டுல பிரீமியம் எவ்வளவுன்னு பழைய ஃபைல்ல பாரு. 15 இருக்கும்."

இருந்தது. 1,150 டாலர். ஒன்பது இலக்கப் புலத்தில் பொதித்தால் 00, 01, 15, 00, 0சி. நடுவில் உள்ள 15 என்ற பைட், எப்சிடிக்கில் புதுவரிக் குறி. அட்டவணையைப் பொறுத்துச் சில இடங்களில் 25க்கும் அந்த யோகம் உண்டு. கோப்பு டெக்ஸ்டாகக் கீழே இறங்கியபோது அந்த 15 ஆஸ்கியின் வரிமுடிவாகிவிட்டது. மறுபடி மேலே ஏறியபோது, "இங்கே வரி முடிந்தது" என்று ரெக்கார்டை அங்கேயே வெட்டி, மிச்சக் குழிகளை 40, 40, 40 என்று இடைவெளியால் நிரப்பிவிட்டார்கள். பிரீமியத்தின் பாதி ஒரு ரெக்கார்டில், மீதி அடுத்ததில். 1,160 டாலர் கட்டியவர் தப்பித்தார், ஏனென்றால் 16 போகும்போது மாறி வரும்போது பழையபடி திரும்பிவிடுகிறது. 1,150 கட்டியவர் மாட்டிக்கொண்டார். பதினொன்றரை டாலர் கட்டியவரும் மாட்டியிருப்பார், 15 பைட்டின் எல்லைக்குள் சரியாக விழுவதால்.

எந்த ராசிக்கு எந்தக் கட்டத்தில் சனி என்று பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மூத்தவர் டேட்டாவைப் பார்க்காமலே 15 என்று சொன்னது பிரசன்னம் அல்லாமல் வேறென்ன?

இத்தனைக்கும் எஃப்டிபியின் முதல் வரைவை எழுதியவர் நம் நாட்டவர். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்எஃப்சி 114 என்னும் நெறிமுறை ஆவணத்தில் அதை முன்வைத்தார். 1985 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 959தான் இன்றுவரை அடிப்படை. அதில் எப்சிடிக்குக்கென்று தனி வகையே வைத்திருக்கிறார்கள், ரெக்கார்டு அமைப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சாத்திரத்தில் குறையில்லை. அதே சாத்திரத்தில் இன்னொரு விதியும் உண்டு: அனுப்புகிறவர் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி என்று கொள்க. மனிதர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதை அந்த விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பெயர்ச்சிக்கு உதவும் வாகனங்கள் வேறு சிலவும் உண்டு. கெர்மிட்டை வணக்கத்தோடு நினைவுகூர வேண்டும். 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது; பொம்மலாட்டத் தவளையின் பெயரை அனுமதி வாங்கி வைத்துக்கொண்டது. பெரிய கணினிகள் சில எழுத்துகளை வழியிலேயே விழுங்கிவிடும் என்பதை அறிந்து, எல்லாவற்றையும் அச்சிடத்தக்க எழுத்தாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றும் சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு அனுப்பியது. மெதுவாகத்தான் போகும். ஆனால் போனது சேரும்.

என்டிஎம் என்று ஒன்று உண்டு. அதன் பெயர் கனெக்ட்:டைரக்ட் என்று மாறிப் பல காலம் ஆகிறது. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்பவர்கள் இருக்கும்வரை அது என்டிஎம்தான். மெயின்ஃபிரேமிலிருந்து மெயின்ஃபிரேமுக்கு அனுப்ப அதைவிட நம்பகமானது இல்லை என்பது என் தீர்ப்பு. மறுமுனையில் யூனிக்ஸ் இருந்தால் மேலே சொன்ன நன்னூல் சூத்திரங்கள் அதற்கும் பொருந்தும்.

இண்ட்-டாலர்-ஃபைலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பெயரின் நடுவே டாலர் குறி இருப்பதால் ஏதோ காசு சம்பந்தப்பட்டது என்று எண்ண வேண்டாம். மெயின்ஃபிரேமின் 3270 திரை வழியே இயங்க 1980களில் வந்த கோப்பு வாகனம் அது. வலைக்கென்று தனிக் கம்பி தேவையில்லை. திரையில் நாம் தட்டுவது போலவே அதுவும் தட்டி, திரை வழியாகவே கோப்பைக் கொண்டுபோகும். பந்தி நடக்கும் கூடத்தின் வழியாகவே புது அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவது போன்ற ஏற்பாடு. நாம் சரியான திரையில் நிற்க வேண்டும். வேறு ஏதாவது பேனலில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினால், அனுப்பும் கட்டளை அந்தப் பேனலில் போய் விழும். பேனல் புரியாமல் விழிக்கும். கீழே கடிகாரப் படம் தோன்றி விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். ரீசெட் அடிக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து. அதே கட்டளையை விஎம் இயங்குதளத்தில் கொடுப்பதென்றால் விருப்பங்களுக்கு முன்னால் ஓர் இடது அடைப்புக்குறி வேண்டும். இசட்/ஓஎஸின் டிஎஸ்ஓவில் அது கூடாது. வலது அடைப்புக்குறியை எவரும் கேட்பதில்லை. திறந்த அடைப்பு திறந்தபடியே கிடக்கும். கணக்கு வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கும்.

அது பேசும் செய்திகளும் சுவையானவை. டிரான்ஸ்03 என்றால் பெயர்ச்சி முடிந்தது. டிரான்ஸ்04 என்றாலும் பெயர்ச்சி முடிந்தது, ஆனால் ரெக்கார்டுகள் துண்டுபட்டிருக்கின்றன. பெண்ணை நல்லபடியாகக் கட்டிக்கொடுத்தாயிற்று, நகையெல்லாம் இரண்டு இரண்டாக உடைந்திருக்கிறது என்று தகவல் சொல்வதற்கு நிகர். டிரான்ஸ்17 என்றால் டேட்டாசெட் பெயர் இல்லை, அல்லது தவறு. மேலே இனிஷியல் பற்றிய பகுதியை மீண்டும் படிக்கவும்.

இனி ராசிபலன்.

எஃப்பி ராசி அன்பர்களே, உங்கள் ரெக்கார்டுகள் எல்லாம் ஒரே நீளம். பைனரியில் போனாலும் எண்ணிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். பொதித்த எண் இருந்தால் டெக்ஸ்ட் பக்கமே தலைவைக்க வேண்டாம். விபி ராசிக்காரர்களுக்கு அஷ்டமம். உங்கள் ரெக்கார்டு ஒவ்வொன்றுக்கும் தலையில் நான்கு பைட் நீளக்குறிப்பு உண்டு. பைனரியில் அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பு என்று தனியாகச் சொல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். எந்த ரெக்கார்டு எங்கே முடிகிறது என்று பிறகு பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஓட்டத்துக்கு ஒரு தலைமுறை பிறக்கும் ஜிடிஜி ராசிக்காரர்கள் பிள்ளைப்பேற்றில் கவனமாக இருக்கவும். ஜாப் பாதியில் விழுந்து மறுபடி ஓட்டினால், பிறந்துவிட்ட தலைமுறைக்கு மேல் இன்னொரு தலைமுறை பிறந்துவிடும். ஒரே நாள் கணக்கு இரண்டு பேரன்களாக நிற்கும். லோடு மாட்யூல், அதாவது ஓடத் தயாரான நிரல், ராசிக்காரர்கள் நேராகப் பயணம் செய்யக் கூடாது. எக்ஸ்மிட் என்னும் கட்டளையால் 80 பைட் பொட்டலமாகக் கட்டி, பைனரியில் அனுப்பி, மறுமுனையில் ரிசீவ் கொடுத்துப் பிரிக்க வேண்டும். இறங்கும் இடத்தில் ரெக்கார்டு நீளம் 80 என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர்களின் பொட்டலத்தை ரிசீவ் பொட்டலமாகவே மதிக்காது. அவர்களுக்கு வேறு பரிகாரம் இல்லை. மறுபடி அனுப்புதலே பரிகாரம்.

இவ்வாய்வின் கருதுகோளை இப்போது சொல்லலாம். தமிழில் 'சென்றது' வேறு, 'சேர்ந்தது' வேறு. பெயர்ச்சி மென்பொருளுக்கு முதல் வினைச்சொல் மட்டுமே தெரியும். பைட்டுகள் இந்தப் பக்கத்திலிருந்து போனால் 250 என்ற எண்ணைப் போட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்திடும். அந்தப் பக்கத்தில் 1,150 டாலர் இரண்டாகப் பிளந்து கிடப்பது அதன் கவலை இல்லை. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார், படித்துப் பார்த்து உறுதிசெய்ய மாட்டார் என்று நண்பர் ஒருவர் இதற்கு எதிர்வாதம் வைத்தார். தபால்காரர் வழியில் கடிதத்தை மொழிபெயர்ப்பதில்லையே என்று கேட்டேன். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மறுப்பு இல்லாத கருதுகோளை நிறுவப்பட்டதாகக் கொள்வது ஆய்வுலக வழக்கம்.

வெற்றிச் செய்தியை நம்பக் கூடாது என்பதற்கு மெயின்ஃபிரேம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஐஇஎஃப்பிஆர்14 என்று ஒரு நிரல். அது எதுவுமே செய்யாது. கூப்பிட்டால் வரும், வந்தவுடன் திரும்பிப் போய்விடும். அதைக் கூப்பிடுவதைச் சாக்காக வைத்து நேற்றைய டேட்டாசெட்டை அழிக்கலாம், இன்றைக்கு இடம் பிடிக்கலாம் என்பதால் ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் முன்னால் பிள்ளையார் சுழி மாதிரி அதைப் போடுவோம். முதலில் அது ஒரே ஒரு கட்டளையால் ஆனது. அதிலும் பிழை இருந்தது. போகும்போது, எல்லாம் நலம் என்று பூச்சியத்தை வைத்துவிட்டுப் போக மறந்துவிட்டது. அதனால் ஒன்றும் செய்யாத நிரல் தோற்றுப்போனதாகக் கணக்கில் ஏறக்கூடும். இரண்டாவது கட்டளை ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். சும்மா இருப்பது எத்தனை கடினம் என்று நம் ஞானிகள் பாடியது இதைத்தான். சும்மா இருந்த நிரலே தன் வெற்றியைச் சரியாகச் சொல்லவில்லை. கடல் தாண்டிக் கோப்பைக் கொண்டுபோன நிரல் சொல்வதை எப்படி நம்புவது?

அன்றிரவு 4.10க்கு மூத்தவர் சொற்படி கோப்பை பைனரியில் மறுபடி வாங்கி ஓட்டினோம். அதற்காக அந்த நண்பரை நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டச் சொல்லி, மடிக்கணினியைத் திறக்கவைத்தோம். "முதல் தடவையே வெற்றி என்றுதானே வந்தது" என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றோம். ஜாப் பூச்சியத்தோடு முடிந்தது. கீழே கேப் காத்திருந்தது.

மெயின்ஃபிரேமுக்கு ஏதாவது அனுப்பவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் பைனரியா டெக்ஸ்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழைப்பு எந்நேரமும் எடுக்கப்படும், எடுப்பது நான்தான்.